துண்டுக்குள் பவானியின் கை

கோம்பை ஒச்சாண்டிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. "இது உங்க பொறுப்பில்ல" என்று யாராவது சொன்னால் போதும். மாட்டுத் தரகர், பாதி ஆயுசைச் சந்தைகளிலேயே கழித்தவர். தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்குள்ளே எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். பிடித்த விரலை மாற்றினார் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

மகள் பவானி இருபத்து மூன்று வயதில் தவணைக்கு ஒரு குட்டியானை வண்டி வாங்கினாள். திராட்சையைத் தேனிக்கும், எஸ்டேட் சாமான்களை மேகமலைக்கும் ஏற்றிப் போக. பைனான்ஸ் ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போனபோது, சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஒச்சாண்டியும் கூடப் போனார், ஜாமீன் போடலாம் என்று. பவானி ஒரே போடாகப் போட்டாள்.

"வேணாம்ப்பா. பதினெட்டு முடிஞ்சவ வாங்குற கடன் அவளோட கடன். நீங்க ஜாமீன் போடாத வரைக்கும் உங்களக் கேக்க முடியாது. நான் ஓட்டிக் கட்டிக்கிறேன்."

வண்டியே அடமானம் என்பதால் ஆபீசிலும் சரி என்றார்கள். ஒச்சாண்டிக்குத்தான் சோறு இறங்கவில்லை. "எங்கையெழுத்து அம்புட்டு மட்டமாப் போச்சா?" என்று மனைவி கருத்தம்மாளிடம் புலம்பித் தீர்த்தார்.

ஒரு வருஷம் தவணை பிசகவில்லை. ஐப்பசி மழையில் மேகமலை ரோட்டில் என்ஜின் படுத்துவிட்டது. பட்டறைச் செலவு போக, இரண்டு தவணை நின்றது. வசூலுக்கு வந்த சுரேஷ்கண்ணன் குச்சனூர்க்காரன், அவனும் மாட்டு வியாபாரி மகன்தான். சட்டப்படி அப்பனைக் கேட்க வழியில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒச்சாண்டியை எங்கே தொட்டால் துள்ளுவார் என்பதும் தெரியும். நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து டீக்கடைக்கு வந்தான்.

"ஐயா, நீங்க கட்டணும்னு சட்டமில்ல. ஒச்சாண்டி மக தவணை கட்டலன்னு ஊருக்குள்ள பேச்சு வரக்கூடாதேன்னுதான் வந்தேன்."

"சட்டத்துக்கு என்னயத் தெரியுமாய்யா? எம்மக கடன் எங்கடன். வடக்குத் தோட்டத்த வித்தாவது மொத்தமா அடச்சுப்புடுறேன். இங்கன உக்காரு, பேசி முடிப்போம்."

துண்டை உதறி விரித்தார். விரலைப் பிடித்துவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் ஒச்சாண்டி மாறமாட்டார் என்று ஊருக்கே தெரியும். கடைக்காரர் மொக்கைச்சாமி பதறிப்போய்ப் பவானிக்குப் போன் போட்டார். பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை ஏற்றிக்கொண்டிருந்தவள், துண்டுக்குள் கை போய், விரலைப் பிடிக்குமுன் வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள்.

"அப்பா, கைய எடுங்க."

"நீ செத்த சும்மா இரு ஆத்தா."

"இந்தக் கடன நீங்க அடச்சா வண்டி உங்களுது. நாளைக்கு அத வித்துட்டுத் தாலிக்குக் கழுத்த நீட்டுன்னு சொன்னா நான் நீட்டணும். நீங்க சொல்லமாட்டீக, சித்தப்பன்மாரு சொல்லுவாக. நான் என்ன பச்சப்பிள்ளையா? வாங்குனவ இருக்கேன்ல?"

பெற்ற பாசமும் பிடிவாதமும் ஒச்சாண்டிக்குள் முட்டிக்கொண்டன. மகள் முகத்தைப் பார்த்தார். கெஞ்சல் துளிகூட இல்லை. மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

அந்த இடத்தில் பவானி தன் கையை நுழைத்தாள். அந்தத் துண்டுக்குள் அதுவரை வியாபாரத்துக்கு ஒரு பெண்ணின் கை போனதில்லை. சின்ன வயதில் அவளுக்கு எண் சொல்லிக்கொடுக்க ஒச்சாண்டியே விரல் பிடித்து விளையாடியதுண்டு, அது வீட்டோடு சரி. சுரேஷ்கண்ணன் திகைத்துப்போய் ஒச்சாண்டியைப் பார்த்தான்.

"என்னய என்னத்தப் பாக்குற? யாவாரம் அங்கன."

சொல்லிவிட்டு, விலகிக் கிடந்த துண்டின் முனையை இழுத்து மூடினார். விரல் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதில்லையா.

துண்டு அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. சுரேஷ்கண்ணன் உதட்டைக் கடித்தான். பவானியின் முகத்தில் லாபமும் தெரியவில்லை, நட்டமும் தெரியவில்லை. தேர்ந்த தரகருக்கே வாய்க்காத முகம். ஒச்சாண்டிக்குப் பெருமையில் சிரிப்பு முட்டியது. இருமி மறைத்தார்.

கைகள் வெளியே வந்தன. "சரிங்க" என்று பவானியிடம் சொல்லிவிட்டு சுரேஷ்கண்ணன் பைக்கை எடுத்தான். லோடு காத்துக் கிடக்கிறது என்று பவானியும் வண்டியில் ஏறினாள்.

மொக்கைச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னய்யா தரகரே, எத்தன மாசம் கெடு? எம்புட்டுக்கு முடிஞ்சது?"

ஒச்சாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கெப்படிய்யா தெரியும்? வாங்குனவ அந்தா போறா. அவகிட்டக் கேளு."