அலமாரியில் விரிந்த பல்

பல்சக்கரத்துக்குப் பதம் வைக்கும் தொழிலில், நாம் செய்த தவறு நம் கண்ணெதிரே உடையாது. முகம் தெரியாத எவனோ ஒருவனின் தலைக்கு மேலே உடையும். முதலாளிகளோடு மாரடிக்கும் தோழர்களே, மீதியை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அரம் வழுக்கணும்

சங்கம் கட்டியதற்காக ஆலையிலிருந்து துரத்தப்பட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறை உலைமுன் வந்து நின்றவன் நான். கல்வராயன் மலையடிவாரத்தில் கிணறு வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் தியாகதுருகத்திலிருந்து வந்தார். ஆட்களைத் தொட்டியில் வைத்து இறக்கும் கிரேனில், சக்கரத்தின் பல் முறிந்திருந்தது. அப்போது தொட்டியில் மண் மட்டும் இருந்ததால் ஒரு உயிர் மிச்சம். முறிந்த இடம் உடைத்த கற்கண்டுபோல் மினுங்கியது. அளவுக்கு மீறிய கெட்டி, கண்ணாடிபோல் நொறுங்கிப் போயிருக்கிறது.

புதிய சக்கரத்தை எண்ணெயில் முக்கியபின் மறுபடி மிதமாகச் சூடு காட்டி இளக்க வேண்டும், கெட்டி கொஞ்சம் குறைந்தாலும் பல் உதறலைத் தாங்கும் என்றேன். எங்கள் பக்கத்தில் பல்லின் மேல் அரத்தை இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் நல்ல பதம், பிடித்தால் ஏமாற்று. பட்டறை முதலாளி அவருக்கே ஒத்துத் தலையாட்ட, கான்ட்ராக்டர் சொன்னார்: “கெட்டி கம்மியானா அரம் புடிக்கும்பா. எனக்கு வழுக்கணும். எளக்கம் கிளக்கம்லாம் உன் சங்கத்துல வச்சிக்க.”

டிக்

மதியம் கரண்ட் இல்லை. எண்ணெயில் முக்கி எடுத்ததோடு விட்ட சக்கரம் அலமாரியில் குளிர்ந்து கிடந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுவரில் பல்லி இல்லை. சோற்றுக் கையோடு நானும் உலைக்காரர் பாஷாவும் அசையாமல் இருந்தோம். மறுபடி ‘டிக்’, அலமாரித் தகடே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாஷா எழுந்திருக்கவே இல்லை. “அண்ணே, பேயா இருந்தா ஓதி வெரட்டிடலாம். இது உள்ளாற வெடிச்சிக்கினு இருக்குதுண்ணே.”

சுண்ணாம்பில் ஒரு கோடு

சக்கரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து வைத்தேன், விரிசல் இருந்தால் அது குடித்த எண்ணெய் உள்ளேயே நிற்கும். கான்ட்ராக்டர் ஆட்களோடு வந்து அரம் போட்டார், வழுக்கியது, சிரித்தார். அவர் எதிரிலேயே பல்லின் அடியில் சுண்ணாம்பு பூசினேன். காய்ந்த வெள்ளைக்குள் ஈரமாக ஒரு கோடு, யாரும் வரையாமல், மெல்ல ஊர்ந்து வந்தது. அவர் விரலால் துடைத்தார். மறுபடி பூசினேன், மறுபடி வந்தது. ஆட்கள் குனிந்து பார்த்தார்கள்.

“சும்மா கோடுப்பா, வண்டில ஏறுங்க” என்றார் கான்ட்ராக்டர். தொட்டியில் முதல் ஆளாக இறங்க வேண்டிய கருணாபுரத்து முருகேசன் துண்டை உதறித் தோளில் போட்டார். “மொதலாளி, மொதல்ல நீங்க எறங்கிட்டு வாங்க. அரம் உங்களுக்குத்தான வழுக்குச்சி?”

வண்டியில் ஒருவரும் ஏறவில்லை. எத்தனையோ துண்டறிக்கை அடித்தும் என்னால் நடத்த முடியாத வேலைநிறுத்தத்தை, ஒரு மயிரிழை விரிசல் வாயே திறக்காமல் நடத்திவிட்டது.