முதல் வருஷத்து ஏழு அரியர்கள்

என் மகள் இன்னும் டாக்டராகாமல் இருப்பதற்கு யார் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது. நான்தான். என் மனைவி சொல்கிறாள், அவளுடைய அண்ணன் சொல்கிறார். மகள் மட்டும் சொல்வதில்லை. மற்ற இருவரையும் தாங்கிக்கொள்ளலாம்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் நான் மேற்பார்வையாளன். மெஷினை ஓட விட்டதும் முதலில் விழுகிற இருநூறு முந்நூறு தாள் எதற்கும் ஆகாது. நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது. முருகனின் உதட்டுச் சிவப்பு தாடையில் இருக்கும். மயிலுக்கு இரண்டு அலகு இருக்கும். அவற்றை ஆர்டர் கொடுத்தவர் கண்ணில் காட்ட மாட்டோம். வடை மடிக்கப் போய்விடும். நிறம் கூடி வந்த பிறகு விழும் தாள்தான் தாள். இந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்வியை நிர்வகிக்கலாம் என்று நான் நினைத்தேன். நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயர் வேறு எனக்கு உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் நீட் தேர்வில் அவளுக்குச் சீட் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்துவிடுவார்கள் என்று பயந்து, விருதுநகரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்த்தோம். பகலில் கல்லூரி, மாலையில் நீட் கோச்சிங். செமஸ்டர் தேர்வும் கோச்சிங்கில் வைக்கும் மாதிரித் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தன.

“எதுக்குப்பா படிக்கட்டும்?” என்று கேட்டாள்.

“மாதிரித் தேர்வுக்குப் படி, பாப்பா. காலேஜ் முதல் வருஷமெல்லாம் மெஷின்ல மொத விழுற தாளு. எவன் பாக்கப் போறான்?”

“அரியர் விழுமேப்பா.”

“விழட்டும். நீ டாக்டரான பெறவு எந்த நோயாளி ஒன் பி.எஸ்சி. மார்க்கைக் கேட்டுட்டு ஊசி போடச் சொல்லுவான்?”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். மறுநாள் கம்பெனியில் நாலு பேரிடம் சொல்லி மறுபடி சிரித்தேன்.

முதல் செமஸ்டரில் மூன்று அரியர், இரண்டாவதில் நாலு. அந்த வருஷத்து நீட்டிலும் சீட் இல்லை. என் மைத்துனருக்கு விஸ்வநத்தம் பக்கம் சின்னதாகப் பட்டாசு ஆலை உண்டு. சீசன் நன்றாகப் போன சந்தோஷத்தில் தீபாவளிக்குச் சாப்பிட வந்திருந்தார்.

“என்ன மாப்ள, ஒங்க டாக்டரம்மாவுக்கு ஏழு அரியராமே! எங்க சரக்குலகூட ஒரே டப்பாவுல ஏழு வெடி புஸ்ஸுன்னு போனது கெடையாது.”

நன்றாக அமைந்த வசனம். அதனால் சிரித்துவிட்டேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மகள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் சிரிக்கீகளாக்கும்” என்றாள்.

மூன்றாவது தடவை நீட்டில் தகுதி கிடைத்தது, சீட் கிடைக்கவில்லை. அதாவது டாக்டருக்குப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இதற்கிடையில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்திருந்தது. அவளுக்கு விலங்கியல் பிடித்துப்போயிருந்தது. கடைசி இரண்டு வருஷமும் வகுப்பில் முதல் ஆள். ஏழு அரியரையும் எழுதி முடித்துவிட்டாள்.

பட்டம் வாங்கியதும் சிவகாசியில் ஒரு மருத்துவமனையில், தீக்காயப் பிரிவில் பதிவேடு எழுதும் வேலைக்குப் போனாள். ஒருநாள் கட்டு மாற்றும் நேரத்தில் ஆள் பற்றாமல், ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கையில் பிடிக்க இடம் இருக்கவில்லை என்றாள். அன்று சாப்பிடவில்லை. பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் மூன்றின் பெயரை மறுநாள் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். முதல் கல்லூரிதான் அவளுக்கு வேண்டியது.

விண்ணப்பம் போட்டுத்தரும் மதுரை ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் கடைசி வருஷத்து மதிப்பெண் பட்டியலைச் சட்டென்று புரட்டிவிட்டு, முதல் வருஷத்தில் விரலை வைத்தார்.

“சார், இந்த ஏழு?”

“அதெல்லாம் பாஸ் பண்ணிட்டா, தம்பி.”

“பாஸ்தான் சார். எல்லாம் நாப்பது, நாப்பத்திரெண்டா இருக்கே. அவங்க ஆறு செமஸ்டரையும் சேத்துத்தான் சராசரி பாப்பாங்க.”

“மறுபடி எழுதிக் கூட்டிக்கிட முடியாதா?”

“ஃபெயிலா இருந்தா எழுதலாம். பாஸ் பண்ணதை எழுத முடியாது சார். ஏன் கொறஞ்சதுன்னு ஒரு கடிதம் வச்சுப் பாப்போம்.”

கடிதம் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் கடிதத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. உருக்கம் போதவில்லை. இரண்டாவதில் வீட்டில் தீப்பிடித்தது. அதற்கும் சான்றிதழ் கேட்பார்களே என்று கிழித்தேன். மூன்றாவதில், வேறு வழியில்லாமல், நான் செத்துப்போனேன். ‘அன்புத் தந்தையின் திடீர் மறைவால் நிலைகுலைந்த நான்’ என்று தொடங்கியபோது எனக்கே கண் கலங்கியது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

“இது நல்லா இருக்கு” என்றாள். “அன்னைக்கே நடந்திருந்தா புள்ள தப்பிச்சிருக்கும்.”

மகள் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் இரண்டே வரி எழுதினாள். முதல் ஆண்டில் தவறான அறிவுரையைக் கேட்டேன். கேட்டது என் தவறு.

“யாரு சொன்னதுன்னு போடலியே?” என்றேன்.

“அது அவங்களுக்கு எதுக்குப்பா? எனக்குத் தெரியும்லா.”

ஆறு வாரம் கழித்துக் காலையில் பதில் வந்தது. விண்ணப்பத்துக்கான மெயில் முகவரியை நான்தான் தொடங்கி வைத்திருந்தேன். அதனால் என் செல்போனுக்கு வந்தது. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வருஷ மதிப்பெண்ணைப் பாராட்டியிருந்தார்கள். ஆனால் மொத்தச் சராசரி அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே இருப்பதால் விண்ணப்பம் தேர்வுக்குழுவுக்கே போகவில்லை. அந்த இரண்டு வரியை அங்கே ஒருவரும் படிக்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை அவள் எனக்கு மட்டும்தான் எழுதிக் காட்டியிருக்கிறாள் என்று ஆகிவிட்டது.

“போகட்டும், பாப்பா. அங்கன குளிரு ஒனக்குத் தாங்காது” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“இன்னும் ரெண்டு காலேஜ் இருக்கு” என்றாள் மகள். “அதுக்கு நானே போட்டுக்கிடுதேன். மெயில் பாஸ்வேர்டு என்னப்பா?”

சொல்ல வெட்கமாக இருந்தது. அவளைச் செல்லமாகக் கூப்பிடும் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று சேர்த்து வைத்திருந்தேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தலை நிமிராமல் தன் செல்போனில் இடது கையால் தட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இன்னும் எதையோ தட்டினாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பதிலை இன்னொரு தடவை படிக்கலாம் என்று என் செல்போனை எடுத்தேன். பாஸ்வேர்டு மாற்றப்பட்டுவிட்டது, புதியதைக் கொடுங்கள் என்றது. இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.