கோடு வரைக்கும் தண்ணீர்

கூடத்துச் சுவரில் என் வீட்டுக்காரர் சாக்பீஸால் மூன்றடி நீளத்துக்கு ஒரு கட்டம் போட்டார். ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் புது டிவி வாங்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். கடல் வரப்போகிறது என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கையில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரம் இரண்டு நாள் வேலூர் போய் வந்த மனுஷன் அவர். அங்கே காத்திருக்கும் அறையில் பவளமும் ஆரஞ்சு மீன்களுமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பஸ் மலையேறி வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசுவார். நோயைப் பற்றிப் பேசாமல் இருந்தால் சரி என்று நானும் தலையாட்டினேன். ஆட்டிய தலைதான் கடைசியில் சுவரில் கட்டமாக வந்து நின்றது.

பழைய டைரி ஒன்றில் ஒரு பக்கம் ‘சாமான்’, எதிர்ப்பக்கம் ‘உயிர்’ என்று தலைப்புப் போட்டு எழுதினார். அவர் லைன்மேன். மலையில் எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அதனால் விளக்கு, மோட்டார் எல்லாவற்றுக்கும் முன்னால் இன்வர்ட்டரைத்தான் எழுதினார். கீழே ஊர்ப்பக்கம் தொட்டி வைப்பவர்கள் தண்ணீரைக் குளிரவைக்க அலைவார்கள், மார்கழியில் நமக்குச் சூடாக்கத்தான் வேண்டும் என்று ஹீட்டரைச் சேர்த்தார். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வந்த அன்று, வேலூரில் தனக்குச் செய்வதும் இதே வேலைதான் என்று சிரித்தார். ஒரு பெரிய வாளி நிறைய கடல் உப்பும் வந்தது. டாக்டர் அவருக்கு உப்பே கூடாது என்று சொல்லியிருந்த சமயம் அது. நான் முறைத்தேன்.

“எனக்குத்தான் உப்பு ஆவாது. அதுங்களாவது சாப்புடட்டும்” என்றார்.

உயிர்ப் பக்கத்தில் அவசரமே கிடையாது. முதல் ஒன்றரை மாதம் உப்புத் தண்ணீரும் கல்லும் மட்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் பிடித்து, தண்ணீர் பக்குவமான பிறகு நத்தைகள். அப்புறம் ஒரு ஜோடி கோமாளி மீன். கடைசியில் காளான் பவளம், அதுவும் கடலில் உடைத்தெடுத்தது கூடாது, யாராவது தொட்டியில் வளர்த்துப் பிரித்ததாக இருக்க வேண்டும். நான் ஒரு நீல மீனுக்கு ஆசைப்பட்டேன். மூன்றடியில் அதற்கு நீந்த இடம் பத்தாது என்று அடித்துவிட்டார். கோமாளி மீன் புகுந்து படுத்துக்கொள்ளும் கடல் சாமந்திக்கு மட்டும் தொட்டிக்கு ஒரு வயதாவது ஆக வேண்டுமாம். அதற்கு நேராக ‘அடுத்த தை’ என்று எழுதியிருந்தார். அடுத்த தைக்கு அவர் இருப்பார் என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை.

மீன் வந்தது, பவளமும் வந்து குட்டிக் குடைகளாக விரிந்தது. அந்த மாதமே அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி வேலூரில் படுக்கையில் சேர்த்தோம். நாத்தனார் துணைக்கு இருந்தார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மலைக்கு வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் மாற்றும் வேலையைத் தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர், எனக்கு இட்ட வேலை ஒன்றுதான். “தண்ணி சுண்டும். கோடு வரைக்கும் ஊத்து.” தண்ணீர் மட்டத்துக்குத் தொட்டிக் கண்ணாடியில் அவர் போட்டிருந்த கோடு அது. எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? வாளி உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். சில வாரங்களில் பவளம் சுருங்கிப்போனது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து செத்தது, இரண்டு நாளில் அதன் ஜோடியும் போனது. இரண்டையும் கொல்லைப் புளியமரத்தடியில் புதைத்தேன்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக இருக்கின்றன என்றேன்.

“உப்பு வாளில எவ்ளோ கீது?” என்று கேட்டார்.

“அடியில கொஞ்சந்தான் கீதுங்க. வாங்கணுமா?”

மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டாம் என்றார். பிறகு, ஜோடி என்ன செய்கிறது என்று கேட்டார். பெரியது முன்னால் போக, சின்னது பின்னாலேயே சுற்றுவதைச் சொன்னேன். அதன் பிறகு நான் போகும் நாளெல்லாம் கேட்டார். நானும் புதிது புதிதாகச் சொன்னேன்.

அவர் போய் மூன்று மாதம் கழித்து, சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேலூர்க் கடைக்காரர் வந்தார். உப்பெல்லாம் எங்கே போனது என்று வாளியைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுத் தயங்கித் தயங்கித்தான் விளக்கினார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும் என்றார். இருபது வருஷமாகக் குழம்பு வைக்கிறேன், சுண்டினால் கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுப்படியில் இருந்த புத்தி கூடத்துக்கு வரவில்லை. இன்றைக்கும் குழம்புக்கு உப்பு எடுத்தால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. என் கையாலேயே கொன்றிருக்கிறேன். வாளியில் உப்பு தீரப்போகிறது என்று நான் சொன்னபோதே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தவறாமல் கேட்டு, நான் சொன்ன பொய்யையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, இரண்டும் சாப்பிட்டனவா என்று விசாரித்தார். என் கையிலிருந்தே வாங்கித் தின்றன என்று சொன்னேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுங்கள நல்லா பாத்துக்கின நீ” என்றார்.

அவரை ஏமாற்றிவிட்டேனே என்று நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.