எழுபத்தொன்றா, எண்பத்திரண்டா

டீ கிளாஸின் வாயளவுக்கு ஒரு பித்தளை வட்டம், நடுவில் ஒரு ஸ்பிரிங். விளிம்பில் 71 என்று பொறித்திருக்கும். என் அக்காவின் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பியபோது பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகளுக்கு மிட்டாய், அக்காவுக்குச் சேலை, வேனுக்கு தெர்மோஸ்டாட். என் பட்டறையில் ஐந்து பேர் பார்க்க அதை மேசைமேல் தட்டி வைத்து, "இதான் மாப்ள வெயில் ஊருக்கு உள்ளது. நீ மாட்டுறதெல்லாம் குளிருற ஊருக்கு" என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள். மச்சான் செத்து மூன்று வருடமாகிறது. போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

அந்த வேன் அக்காவின் கல்யாணத்துக்கு அய்யா வாங்கிக் கொடுத்தது. அப்போதே அது பழசு. திருப்புல்லாணிக்குக் கிழக்கே கடற்கரையில் மீனையும் ஐஸையும் ஏற்றிக் கமுதிச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் திரும்பி வந்தபின் மச்சானின் தொழில். அதைத் தவிர அக்கா வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. வேன் ஓடினால் சோறு, நின்றால் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து நிற்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். 82 என்றால் எண்பத்திரண்டு டிகிரியில் திறக்கத் தொடங்கும், 71 என்றால் அதற்கு முன்பே. முழுக்கத் திறந்தபின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தண்ணீரை ஆற்றுவது ரேடியேட்டரின் வேலை. பழைய இன்ஜின்தானே, சூடு குறைவாக ஓடட்டும் என்று நினைப்பது தப்பு. வயதானாலும் அதைச் செய்தவன் சொன்ன சூடு அதற்கு வேண்டும். இல்லாவிட்டால் டீசல் சரியாக எரியாது, புகை கக்கும், ஆயில் களியாகும். மச்சானின் வேனுக்குச் சொன்னது 82.

அதை நிரூபிக்க, பக்கத்து டீக்கடை அடுப்பில் ஒரு சட்டி தண்ணீர் வைத்து, இரண்டு வால்வையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, எது எப்போது திறக்கிறது என்று காட்டினேன். பார்த்துவிட்டு, "வெந்துருச்சுன்னா உப்புப் போட்டு எறக்கு மாப்ள, சாப்புடலாம்" என்றார். மறுநாள் தன் கையாலேயே 71-ஐ மாட்டிக்கொண்டார். அது மார்கழி மாதம். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கீழேயே நின்றது. கல்யாண வீடு, காதுகுத்து என்று போன இடமெல்லாம் தன் வைத்தியத்தையும் என் மடத்தனத்தையும் சொல்லிச் சிரித்தார். வேன் கறுப்பாகப் புகைவிட்டது. அதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் முள் ஏறியது. ஏறத்தானே செய்யும்? எங்கள் பக்கத்துத் தண்ணீரில் குளித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அத்தனை உப்பு, சோப்பு நுரைக்காது. மச்சான் போகிற வழியில் எந்த அடிபம்பு கண்ணில் பட்டாலும் நிறுத்தி ரேடியேட்டரை நிரப்புவார். அக்காவோ தள்ளுவண்டியில் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்து, குடிக்க வைத்திருந்ததில் ஒரு கேன் தினமும் வேனில் வைப்பாள். அந்த நல்ல தண்ணீரில் அவர் முகம் கழுவுவார். "இன்ஜினுக்கு எதுக்குடி நல்ல தண்ணி? அது என்ன சோறா பொங்குது?" இதை நான் என் காதால் கேட்டேன். வளைகுடாவிலிருந்து தெர்மோஸ்டாட் கொண்டுவந்தவர் பேசுகிற பேச்சா இது? கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அக்கா பட்டறைக்கு வந்தாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"தம்பி, முள்ளு செவப்புலயே நிக்குதுடா. அவுக அந்த வால்வையே கழத்திப் போட்டுட்டாக. நீ ஒருக்கா வந்து பாரேன்."

"கேக்க வேண்டியவரு அவரு. அவர வரச் சொல்லு."

"அவுக வரமாட்டாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நானும் வரமாட்டேன்க்கா."

ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டு உப்பைச் சுரண்டினால் போதும், அரை நாள் வேலை. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேறு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கமுதிச் சாலையில் முழு லோடோடு வேன் நின்றது. இன்ஜின் ஹெட் வெடித்து, பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. ஐஸ் உருகி மீன் நாறியது. கட்டி இழுத்து வந்து பிரித்துப் பார்த்தேன். இனி அந்த இன்ஜினை எடுத்து நிறுத்த முடியாது. ரேடியேட்டர் குழாய்களில் ஊசி நுழைய இடமில்லாமல் வெள்ளையாக உப்பு. எனக்கு ஏற்பட்டது வருத்தமில்லை, சந்தோஷம். அந்த ரேடியேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தெருவே பார்க்க மச்சானின் காலடியில் போட்டேன். "இதுல எழுபத்தொன்னு எங்கன இருக்குன்னு காட்டுங்க மச்சான்" என்றேன். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் சிரித்த வாய் அது. பார்க்க இனித்தது.

அக்கா வந்து குனிந்து அந்த உப்பை விரலால் தொட்டாள். "இப்பிடி இருக்கும்னு ஒனக்கு முன்னமே தெரியுமாடா?"

"தெரியும்" என்றேன், பெருமையாகவே.

"அவுகளுக்குத் தெரியாது" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வேன் பழைய இரும்புக்குப் போனது. மச்சான் மறுபடி வளைகுடாவுக்குக் காவல்காரராகப் போய், அங்கேயே நெஞ்சுவலியில் போனார். அக்கா இப்போது இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிறாள். விரல் நுனியெல்லாம் வெந்ததுபோல் இருக்கிறது. என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்பாள், அவ்வளவுதான். இதனாலெல்லாம் மச்சான் நல்லவராகிவிட மாட்டார். திமிர் பிடித்த மனிதர், கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

ஆனால் இப்போதெல்லாம் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும், ஹாரன் வேலைக்கு வந்தாலும்கூட, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிடுகிறேன். உப்பு ஏறியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். "ஒன்னய யாருய்யா பாக்கச் சொன்னது?" என்று டிரைவர்கள் சத்தம் போடுவார்கள். அவர்கள் யாரும் சொல்லவில்லைதான். என்னை வந்து பார்க்கச் சொன்னது அக்கா ஒருத்திதான். அவள் வண்டியைத்தான் நான் பார்க்கவில்லை.