ஜினதாஸவின் காலும் மைனர் காரின் உறுமலும்

மாவனெல்லையில் இன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் ஜினதாஸவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவருடைய பச்சை மொரிஸ் மைனரில் கார் பழகப் போனால், "கிளட்ச்ச மெதுவா விடு, அது ஒன் மாமியா கழுத்து இல்ல!" என்பதைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. திட்டு வாங்கியவர்களே பிறகு பிள்ளைகளையும் அவரிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

அவரிடம் தேறாத ஒரே ஆள் அவர் மனைவி யசவதி. கல்யாணமான புதிதில் முதல் பாடத்திலேயே காரைக் கொண்டுபோய்க் கித்துள் மரத்தில் சாத்திவிட்டு இறங்கியவள், அப்புறம் ஆயுசுக்கும் பக்கத்து இருக்கைதான். அங்கே உட்கார்ந்தபடியே வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதிப்பாள். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து விரிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போனா என்னவாம்?" என்பாள்.

"பின்னால வர்ற மாட்டு வண்டி ஹாரன் அடிக்கிது, வாய மூடிட்டு வா" என்பார்.

புத்த கோயிலான பன்சலையில் விடிய விடியப் பிரித் மந்திரம் ஓதி முடிந்ததும் பிக்கு கொடுக்கிற வெள்ளைக் காப்பு நூலை எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். யசவதி கூடவே ஒரு நூலை வாங்கிவந்து ஸ்டியரிங்கில் கட்டுவாள். ஜினதாஸ அதை அவிழ்த்துப் போட்டுவிடுவார். பழக வருகிறவர்களின் வியர்வையில் நூல் கறுத்து அசிங்கமாகிறது என்பது அவர் கட்சி. ஒரு வருஷம் சண்டை முற்றி, "இனிமே கட்டின, ஒன்ன வண்டியில ஏத்த மாட்டேன்" என்று சொல்லியும் விட்டார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவழியாகப் பெண்டாட்டிக்குப் புத்தி வந்ததென்று மனுஷன் ஊரெல்லாம் பெருமையடித்தார்.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். வெசாக் பண்டிகை கழிந்ததும் காருக்குப் பைத்தியம் பிடித்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் வேகம் தணியாது. நிறுத்திவைத்த இடத்தில் நின்றபடியே கடுகண்ணாவ மலை ஏறுகிற மாதிரி அலறும். ஒரு நாள் சந்தை முன்னால் கிளட்ச்சை விட்டதும் கார் துள்ளிப்போய்த் தம்பிலி இளநீர் விற்கிற கடையில் மோதியது. குலைகள் உருண்டதோடு சரி, கடைக்காரி தப்பித்தாள்.

மகள் நிலந்தி அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா, ஒங்க கால்தான் கனத்துப் போச்சு. மிதிச்சிட்டு இருக்கிறது ஒங்களுக்கே தெரியல. ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுற கார்காரன் வர்றான். குடுத்துருவோம்."

காரைக் கொடுப்பதை ஜினதாஸவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைவிட மோசம், அவள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம். ராத்திரி கட்டிலில் கிடந்தபடி வலது காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தன் கால்தானா என்றே சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் கேட்கவும் ஆளில்லை.

ஞாயிறு காலையில் பழைய சிநேகிதன், மெக்கானிக் டிக்கிரிபண்டா பாஸைக் கூப்பிட்டார். பாஸ் பானட்டைத் திறந்து சோக் கம்பியைப் பார்த்தார். அது ஒழுங்காக உள்ளே போயிருந்தது. ஐட்லிங் திருகைத் தளர்த்தினார். உறுமல் குறையவில்லை. எங்காவது காற்றை இழுக்கிறதோ என்று இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காது கொடுத்தார். சத்தம் இம்மியும் மாறவில்லை.

"அப்போ கால்தானா பாஸ்?" ஜினதாஸ குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"பொறுங்க மாத்தயா. காலையே கழட்டிப் பாப்போம்."

பெடலிலிருந்து வருகிற கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, தரையில் நின்றுகொண்டே இன்ஜினைக் கிளப்பினார். அதே அலறல்!

"நிலந்தி! ஓடியா!" ஜினதாஸ வலது காலை முற்றத்தில் ஓங்கி மிதித்தார். "என் கால் இங்க இருக்கு, பாத்துக்க! பெடலும் கழண்டு கெடக்கு! இப்ப யாரு மிதிக்கிறா?"

நிலந்தி ஓடிவந்து கழன்று கிடந்த கேபிளைத் தூக்கிப் பார்த்தாள். பாஸ் இன்ஜினை அணைத்துவிட்டுக் கார்புரேட்டருக்கு அடியில் கையை விட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தண்டில் விரல் எதையோ தொட்டது. எண்ணெய் ஊறிக் கறுத்த பல நூல்கள் ஒரே சுருணையாகி வழுக்கிப்போய், தண்டைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங்கில் சிக்கியிருந்தன. தண்டு பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

"எந்த மடையன் இதுக்குள்ள நூல் சுத்தினான்?" என்றார் பாஸ்.

ஜினதாஸ குனிந்து பார்த்தார். ஒவ்வொரு நூலிலும் மூன்று முடிச்சு. புத்தருக்கு, தர்மத்துக்கு, சங்கத்துக்கு. அப்படி முடிச்சுப் போடுகிறவள் அந்த வீட்டில் யசவதி ஒருத்திதான். எப்போதோ அவர் கார்புரேட்டர் துடைத்துக்கொண்டிருந்தபோது, "வண்டி வேகமா ஓடுறது இதுல எதால?" என்று அவள் கேட்டதும், நாற்பது வயதிலாவது இன்ஜினில் ஆசை வந்ததே என்று பூரித்துப்போய் இந்தத் தண்டைத் தொட்டுக் காட்டியதும் ஞாபகம் வந்தன. வேகத்தைப் பிடித்துவைக்கத்தான் கட்டியிருக்கிறாள், பாவி. வருஷா வருஷம், அவர் கண்ணில் படாமல்.

பாஸ் பிளேடை எடுத்தார்.

"வெட்டாதீங்க" என்றார் ஜினதாஸ.

எண்ணெயில் இறுகிய முடிச்சுகளை நகத்தாலேயே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை. கேபிளை மாட்டி, திருகைச் சரிசெய்து கிளப்பியபோது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிற பழைய சத்தத்துக்குக் கார் இறங்கிவிட்டது.

கல்யாணக் கார்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு நிலந்தி சாவியை நீட்டினாள். ஜினதாஸ அதை வாங்காமல் கறுத்த நூல்களில் ஒன்றை ஸ்டியரிங்கில் சுற்றினார்.

"முடிச்சுப் போடு. மூணு."

போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "அம்மா இருக்கும்போதே இதக் கட்ட விட்டிருக்கலாம்லப்பா?"

ஜினதாஸ முடிச்சை இறுக்கிப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

தம்பிலிக் கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாமென்று அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். பக்கத்து இருக்கையில் நிலந்தி, ஓட்டை விழுந்த விரிப்பில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாலத்துக்கு முந்தைய வளைவு வந்தது. அதற்கு வெகு முன்பே ஜினதாஸ வேகத்தைக் குறைத்துவிட்டார். யசவதி கேட்டுக் கேட்டு ஓய்ந்த காரியம் அது. அவள் இருந்தவரை ஒரு தடவைகூட அவர் அதைச் செய்ததில்லை.