தானாக இறங்கும் பெடல்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டு போனவர்களின் முகம் அம்மாவுக்கு மறந்துவிடும், கால் மறக்காது. கடைத்தெருவில் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டால் அம்மாவின் பார்வை நேரே தரைக்குப் போகும். கொஞ்சம் யோசிப்பார். பிறகு சிரிப்பார். "அடியே, நீயா! கிளட்ச் மேலயே குடித்தனம் நடத்துனவதானே?"

ஊருக்கு அவர் டீச்சர். மகளுக்கு அம்மா, அதுவும் காருக்கு வெளியே மட்டும். காருக்குள் ஏறிவிட்டால் மகளும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். "இங்க நான் உன்னப் பெக்கல. பெல்ட்டப் போடு" என்பார்.

டீச்சர் ஆவதற்கு முன்னால் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்கென்று கிளம்பிப் போன கணவர் வேறு ஊரில் வேறு வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார் என்று தெரியவந்த சமயத்தில்தான், பேக்கரியின் வேன் டிரைவரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அம்மா முதலாளியிடம் போய், எனக்கு ஓட்டத் தெரியும் என்றார். தெரியாது. பேக்கரிக்குப் பின்னாலிருந்த குண்டும் குழியுமான பாதையில் விடிவதற்குள் தானே உருட்டிப் பழகி, மதிலை இரண்டு இடத்தில் பெயர்த்து, ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். "ரொட்டி நசுங்காம ஓட்டணும். அதான் நான் படிச்ச காலேஜ்" என்பார்.

பேக்கரி மூடிய பிறகு பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிக் கூரையில் பலகை மாட்டினார். மெக்கானிக் ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி போட்டதால் தெரு முழுக்க அவருக்கு சோடாப்புட்டி என்றுதான் பேர். அவர்தான் டீச்சர் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்து, ஓட்டுபவரின் பெடல்களோடு கம்பியால் இணைத்துக் கொடுத்தார். டீச்சர் தன் பக்கம் பிரேக்கை மிதித்தால் ஓட்டுபவர் பக்கப் பெடலும் யாரும் தொடாமலே கீழே இறங்கும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து அலறுவார்கள்.

"பேய் இல்லம்மா. நான்தான்."

கேமரா வந்தது ஒரு சண்டையால். ஒருத்தி ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் குப்பைத்தொட்டியை இடித்துவிட்டு, பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று சாதித்தாள்.

"உன் வாய் அப்படித்தான் சொல்லும். உன் காலக் கேட்டாத்தான் தெரியும்" என்றார் அம்மா.

காலை எப்படிக் கேட்பது? பைக் ஓட்டும் பையன்கள் ஹெல்மெட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு கேமராவை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே பெடல்களைப் பார்க்கும்படி இரட்டைப் பக்கப் பசை டேப் போட்டு ஒட்டினார். வெயிலில் நின்ற காரில் பசை இளகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா ஒரு பெண்ணின் பாதத்தில் விழுந்தது. அவள் "எலி! எலி!" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கால்களையும் சீட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

அம்மா இதைப் போனில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளைச் செய்யும் ஆலையில் அவளுக்கு வேலை. தாங்கியை அதிர்வு மேசையில் பூட்டி உடையும்வரை ஆட்டுவாள். உடைந்த பிறகு ஏன் உடைந்தது என்று பார்ப்பாள். அந்த வார விடுமுறைக்கே பையில் ஸ்பானர்களோடு வந்து இறங்கினாள்.

"அவங்க கால் மேல விழுந்துச்சு, சரி. பிரேக்குக்கு அடியில போய் விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழுந்திருந்தா?"

"என் பக்கம் ஒரு பிரேக் இருக்குடி."

"ரெண்டும் ஒரே கம்பிம்மா. அங்க மாட்டுனா இங்கயும் இறங்காது."

அம்மா ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

பழைய கேமராவின் பேட்டரி சூட்டில் உப்பியிருந்தது. மகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள். எடை குறைவு, ஸ்டியரிங்குக்கடி இருட்டிலும் படம் தெளிவு, சூட்டையும் தாங்கும். வயர் எதுவும் தொங்காது. காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் கண்ணாடியில் நிற்கும், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் நிற்காது. டேப்பின் கதை தெரிந்ததே. அதனால் ஸ்டியரிங் தண்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் ஒரு இரும்புக் கவ்வி போட்டு, அதிர்வில் கழலாத நட்டு வைத்து முறுக்கினாள். ஓட்டுபவரின் முட்டி இடிக்குமா என்று தானே உட்கார்ந்து பார்த்தாள். அம்மாவையும் உட்கார வைத்தாள்.

"மாப்பிள்ள பாக்கும்போது நீ இவ்ளோ யோசிக்கல" என்றார் அம்மா.

"அதான் அனுபவிக்கிறேன்ல. கால நீட்டு."

கடைசியாக மெல்லிய எஃகுக் கயிறு. ஒரு முனை காரின் உடம்பில், மறுமுனை ஒரு கொக்கியால் கேமராவில். கயிறு எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. கவ்வி கைவிட்டாலும் கேமரா அந்தரத்தில் தொங்க வேண்டும்; பெடலைத் தொடவே கூடாது. மகள் கேமராவைப் பிடித்து இழுத்தாள், காரே ஆடும் அளவுக்கு. பேக்கரிக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய பாதையில் அம்மாவை ஓட்டச் சொன்னாள். கேமரா அசையவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அம்மா கேமராவைக் கழற்றிக்கொண்டு போய், டீக்கடை பெஞ்சில் மாணவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய கால்களையே அவளுக்குக் காட்டினார். பெண்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். பிறகு கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். தன் கால் தனக்குத் தெரியாமல் என்னவெல்லாம் செய்கிறது என்று அதுவரை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. படத்தில் டீச்சரின் கால் வராது. நடுப் பெடல் தானாக இறங்கும்போது மட்டும் டீச்சர் அங்கே இருப்பது தெரியும்.

கழற்றினால் திரும்ப மாட்ட வேண்டும். மகள் போனை எடுத்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

"கொக்கி போட்டியாம்மா?"

"போட்டேன்டி, போலீஸ்காரி. நான் சாப்பிட்டேனான்னு என்னிக்காவது கேட்டியா?"

கடைசியாகச் சேர்ந்தவர் ஒரு தையல்காரம்மா. தைத்த துணிகளைத் தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டு வந்தவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். ஆயுள் முழுக்க மெஷினை மிதித்த கால். எந்தப் பெடலைக் கண்டாலும் குதிகாலும் விரலுமாக ஊஞ்சல் ஆடும்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான், கடைத்தெருவை நோக்கி இறங்கும் சரிவில், நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் மோதியது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம்.

மகளுக்கு ஆலைக்குத் தகவல் வந்தது. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தலையில் அடி என்றார்கள். போலீஸ், பழகுகிறவர் ஓட்டியதால் வந்த விபத்து என்று சொல்லிப் போய்விட்டது. வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். மகள் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆளைச் சொல்லியிருப்பார்.

தையல்காரம்மா மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்னதில் மகளின் காதுக்கு வந்தது ஒன்றுதான்: "மிதிச்சேன். வண்டி நிக்கவே இல்ல."

எல்லாரும் கலைந்து போன பிறகு சோடாப்புட்டி போன் செய்தார். நசுங்கிய கார் அவருடைய ஷெட்டில் நின்றது.

"உங்க கேமரா கீழ கிடந்துச்சும்மா. எடுத்து வச்சிருக்கேன்."

"கீழன்னா? எங்க?"

"பெடல் கிட்டதான்."

"கயிறு?"

"கயிறு அங்கதான் தொங்குது. கொக்கி மாட்டல போல."

மகள் போனை வைத்தாள். மிதிச்சேன், நிக்கவே இல்ல. பெடல் கிட்டதான். ரெண்டும் ஒரே கம்பிம்மா. மூன்றும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. தான் மாட்டிய கேமரா பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கி, அம்மா மிதித்தும் இறங்காமல் போயிருந்தால்? தன் கையால் மாட்டியதுதான் அம்மாவைக் கொன்றதா? தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது என்று தோன்றியது. தெரிந்துகொண்டாலும் இறங்கப்போவதில்லை.

ஷெட்டுக்குப் போனாள். கவ்வி இன்னமும் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கேமராவைத் தாங்கும் பிளாஸ்டிக் காது மட்டும் முறிந்திருந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தாலே, நாள்பட்ட விரிசலா, ஒரே அடியில் போனதா என்று சொல்லிவிடுவாள். அவள் பிழைப்பே அதுதான். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிடித்தாள். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அன்று அது எதையும் சொல்லவில்லை.

"விடும்மா. இரும்பு சாமான், பிளாஸ்டிக்கு சாமான்... அதப் போட்டு நோண்டிட்டு" என்றார் சோடாப்புட்டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெமரி கார்டு நன்றாக இருந்தது. மத்தியானம் அம்மாவின் அறையில், அம்மாவின் சட்டைகள் தொங்கிய நாற்காலியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

வெறுங்கால்கள் இரண்டு. மூன்று பெடல்கள். படம் ஆடவில்லை. "இது தையல் மெஷின் இல்லம்மா, ஒரே அமுக்கா அமுக்கு" என்றது அம்மாவின் குரல். தையல்காரம்மா சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் நடுப் பெடல் தானாக இறங்கியது. "நாய், நாய். பாத்துப் போ." பெடல் ஏறியது. "இப்ப நேரா போ."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அம்மாவின் குரல் இல்லை.

"டீச்சர், கீழ போய்த் திரும்பவா?"

எஞ்சின் சத்தம் மட்டும்.

"டீச்சர்?"

கால்கள் தடுமாறின. குதிகாலும் விரலுமாக ஆடின.

"டீச்சர்! ஏன் சாயுறீங்க? டீச்சர்!"

இடது கால் கிளட்சை அடிவரை மிதித்தது. வலது கால் எழுந்து வந்து அதே கிளட்சின் மேல், இடது காலுக்கு மேலேயே ஏறி நின்றது. எஞ்சினின் பிடி விட்ட கார் சரிவில் உருண்டது. நடுவில் பிரேக் பெடல் சும்மா இருந்தது. அடியில் எதுவும் இல்லை. மேலே எந்தக் காலும் இல்லை. தானாகவும் இறங்கவில்லை.

பிறகு படம் சிதறிக் கறுப்பானது.

மகள் படத்தைத் திரும்ப ஓட்டினாள். இம்முறை நடுப் பெடலை மட்டும் பார்த்தாள். மோதும்வரை கேமரா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் மாட்டியது நின்றது. நாய்க்கு மிதித்த கால் லாரிக்கு மிதிக்கவில்லை. மிதிக்கும் நிலையில் அம்மா இல்லை; தலையில் அடிபடுவதற்கு முன்பே சாய்ந்திருந்தார்.

நிம்மதி வரவேண்டும் என்று காத்திருந்தாள். வந்தது. ஒரு மிடறு தண்ணீர் அளவுக்கு. அதற்குப் பின்னாலேயே, டீச்சர் டீச்சர் என்ற குரலுக்குப் பதில் இல்லாத அந்த இடைவெளி வந்து உட்கார்ந்துகொண்டது. அது எழுந்திருக்கவில்லை.

சில நாள் கழித்துத் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனாள். வீடென்றால் ஒரே அறை. மெஷின், துணிக்குவியல், கட்டில். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்கக்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். அம்மா மோதுறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. நீங்க கூப்பிடக் கூப்பிட."

தையல்காரம்மா அவளையே பார்த்தார். "டீச்சர் சாஞ்சாங்கன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல." பிறகு கேட்டார்: "என் கால் என்ன பண்ணுச்சு?"

"அத விடுங்கக்கா."

"பிரேக்கத்தான் மிதிச்சேன். அப்படித்தான் நினைக்கிறேன். ராத்திரியெல்லாம் கட்டில்ல படுத்துக்கிட்டு மிதிச்சுப் பாக்குறேன்."

"விடுங்கக்கா, ப்ளீஸ்."

"டீச்சர் இருந்தா காட்டாம விட்டிருப்பாங்களா?"

மகள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மோதுவதற்கு முன் மகள் நிறுத்தினாள்.

"ரெண்டு காலும்..." என்றார் தையல்காரம்மா.

"ஆமா."

"பிரேக்கு சும்மா நிக்குது."

"ஆமா."

அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். கட்டிலுக்குக் கீழே அவருடைய பாதங்கள் தரையில் அழுந்தி வெளுத்திருந்தன.

"உங்க மேல கோவம் இல்லக்கா" என்றாள் மகள். சொன்ன பிறகுதான், அது பெரும்பாலும் உண்மை என்று தெரிந்தது.

தையல்காரம்மா தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சம் பின்னாடி போங்க. நாய் வந்துச்சே, அந்த இடம்."

மகள் பின்னால் தள்ளினாள். வெறுங்கால்கள். சிரிப்பு. யாரும் தொடாமல் நடுப் பெடல் கீழே இறங்கியது.

"அதோ, டீச்சர்" என்றார்.

பெடல் ஏறியது. அம்மா நேராகப் போகச் சொல்வதற்கு முன்னால் மகள் நிறுத்தி, மறுபடி அதே இடத்துக்குத் தள்ளினாள்.