அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்

என் கணவர் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மாடி அறைகள் சும்மா கிடந்தன. இராஜாக்கமங்கலம் பக்கம், கடலைப் பார்த்த வீடு. கன்னியாகுமரிக் கூட்டம் பிடிக்காத வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தேன். அவருக்கு அது அறவே பிடிக்கவில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அவளது புதுநன்மைக்கு வந்து போனவர், பிறகு வரவே இல்லை. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இங்கே இல்லாதவருக்கு இங்குள்ள மானத்தைப் பற்றித்தான் கவலை. வெள்ளிக்கிழமை தோறும் போனில், "ஆளுவ என்னத்த சொல்லும்? அத நிறுத்துட்டி" என்பார். "அண்ணன்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பேன். அண்ணன் இதே கரையில் வள்ளம் வைத்திருக்கிறான். அந்தப் பதிலோடு அந்த வாரம் கழியும்.

எங்கள் கரையில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பெண் கேட்டு வந்தவரிடம், சித்தப்பாவிடம் கேட்க வேண்டும் என்போம். வள்ளத்தை இரவல் கேட்டவரிடம், பங்காளியிடம் கேட்க வேண்டும் என்போம். வந்தவர் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போவார். பிறகு யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. மனத்தாங்கலும் இல்லை.

அறைகளுக்காகத்தான் நாகர்கோவிலில் ஆங்கில வகுப்புக்குப் போனேன். விடுதிக்காரர்கள், கார் ஓட்டுகிறவர்கள், என்னைப்போல் வீட்டில் ஆள் தங்கவைப்பவர்கள் எல்லோருக்குமான வகுப்பு. ஒருநாள் டீச்சர் எங்களை எழுப்பி நிறுத்தி, "சாரி, நாட் பாசிபிள்" என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். கேட்டு வந்த விருந்தாளியிடம் அப்படிப் பட்டென்று அடிப்பதா? எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. என் முறை வந்தபோது சாரி வரைக்கும் வந்தது. மிச்சம் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

அந்த ஆனி மாதம் மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக வந்து தங்கியிருந்தாள். எங்கள் பேச்சில் மதாம்மா. தலை முழுக்க நரை. நடையில் மட்டும் நரை இல்லை. கடல் கொந்தளித்து, வள்ளங்களை எல்லாம் மேட்டில் ஏற்றிப் போட்டிருந்த நேரம். சாப்பிடும்போது அவள் கேட்டாள்: நாளை விடியற்காலையில் உன் அண்ணனின் வள்ளத்தில் நானும் கடலுக்குப் போகலாமா?

இன்னொரு ஆப்பத்தை அவள் தட்டில் வைத்துச் சிரித்தேன். "ஐ வில் ஆஸ்க் மை பிரதர், மேடம்" என்றேன். இலக்கணம் சுத்தம், உச்சரிப்பும் சுத்தம். எவ்வளவு பதமாக மறுத்துவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவளும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாள். அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அந்தக் கடலில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

விடியும் நேரத்தில் கட்டன்சாயாவோடு மாடிக்குப் போனால், அறைக் கதவு திறந்து கிடக்கிறது. செருப்பு இல்லை. டார்ச்சும் இல்லை. கரைக்கு ஓடினேன்.

அண்ணன் தன் வள்ளத்தின் அருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதாம்மாவக் கண்டியளா அண்ணா? நீங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போவியண்ணு நெனச்சிட்டு வந்திருக்கா போல."

"இந்தக் கடல்லயா? ஒனக்கென்ன கோட்டியா?" என்று திரும்பியவன், அப்படியே தூண்டில் வளைவைப் பார்த்தான். கரையைக் கடல் தின்னாமலிருக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தடுப்பு அது. அதன் முனையில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டோடு மதாம்மா, வள்ளம் வருமென்று கடலைப் பார்த்து டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கல்லின் மேல் அலை ஏறி இறங்குகிறது.

"மேடம், ப்ளீஸ்" என்று கூப்பிட்டேன். படித்த மரியாதை விடுமா? பக்கத்தில் நின்ற அண்ணனுக்கே கேட்டிருக்காது. பிறகு தொண்டை கிழிய, "நோ! நோ!" என்று கத்தினேன். சொல் அலைச் சத்தத்தில் போய்விட்டது, குரலுக்குத்தான் அவள் திரும்பினாள். என்னைக் கண்டதும் குஷியாகக் கையை அசைத்தாள். வள்ளத்தில் ஏறத் தோதாக இன்னும் ஒரு கல் கீழே இறங்கினாள்.

அண்ணன் அதற்குள் கல்லில் தாவி ஓடிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய அலை எழுந்தது. இரண்டு பேரையும் காணவில்லை. "மாதாவே!" என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். நீர் வடிந்தபோது அண்ணன் கல்லின்மேல் குப்புறக் கிடந்தான். அவன் கை மஞ்சள் கோட்டைப் பிடித்திருந்தது.

கரைக்குக் கொண்டுவந்தபோது மதாம்மாவின் முழங்காலில் ரத்தம். அண்ணன் என்னைப் பார்த்து, "ஆருட்டி இவள வரச் சொன்னது?" என்று கத்தினான். அவள் பல் கிடுகிடுக்க, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: அண்ணனிடம் கேட்பதாகச் சொன்னாயே, கேட்டாயா? கேட்கவில்லை என்றேன். முடியாதென்றால் ஏன் முடியாதென்று சொல்லவில்லை என்றாள்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடலைப் பார்த்தால் தெரியாதா? கண் என்ன பிடரியிலா இருக்கிறது? அப்புறம்தான் உறைத்தது. என் நல்ல ஆங்கிலத்தை நம்பி ஒருத்தி சாகப் போயிருக்கிறாள்.

வாட்ஸ்அப் புண்ணியத்தில் செய்தி உச்சிக்கு முன்பே வளைகுடா போய்ச் சேர்ந்தது. போன் வந்தது.

"இண்ணைக்கே மாடியப் பூட்டு. இனி ஒரு மனியனும் அங்க தங்காண்டாம்."

"அண்ணன்ட்ட..." என்று வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன். மேலே கொடியில் மஞ்சள் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"முடியாது. நான் பூட்ட மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"மாட்டேன்ணு சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத சொல். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், கத்தவில்லை. பயத்தில் வந்த தைரியமோ என்னவோ, அதையும் கேட்டுவிட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு வருவியளா? இல்லேண்ணா இல்லேண்ணு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நல்ல பதமான குரலில் சொன்னார்: "முதலாளிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

வருஷா வருஷம் அவர் சொல்லும் பதில்தான். வருஷா வருஷம் நானும் கிறிஸ்மஸ் பலகாரமான முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்துக் காத்திருந்தேன்.